கட்டின்றிப் பறந்து வளர்ந்த இரண்டு பைரிகள்

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், புதர்மேட்டை ஒட்டிய ஒரு பண்ணையில், வேட்டைக்குப் பழக்குவதற்காக, இரண்டு ஆண் பைரிக் (வல்லூறு இனப் பறவை) குஞ்சுகளை இந்தக் கோடையில் ஹேக் முறைப்படி வளர்த்தேன். பறக்கப் பழகும் வாரங்களில் உணவு மட்டும் வைத்துக் கட்டின்றி விட்டுவிட்டு, தாமாக வேட்டையாடத் தொடங்கும்போது திரும்பப் பிடிப்பதே ஹேக். இரண்டும் காட்டில் எடுத்தவை அல்ல, வளர்ப்பிடத்தில் பொரித்தவை.

ஐந்து வார வயதில், உச்சந்தலையில் வெண்தூவி உதிராத நிலையில், முன்புறம் கம்பியிட்ட மரப்பெட்டியில் அவற்றை வைத்தேன். மேட்டையும் காற்றையும் அவை பார்த்துக்கொண்டே இருக்க, காடை இறைச்சியைப் பின்புறக் குழாய் வழியாகத் தள்ளினேன். உணவோடு மனிதனைச் சேர்த்துப் பார்க்கப் பழகிய பறவை, பின்னாளில் ஆளைக் கண்டாலே கத்தித் தொலைக்கும்.

ஒரு மாலை, வயிறு நிறைந்திருந்தபோது கம்பிகளை அகற்றினேன். அவை உடனே பறந்துவிடவில்லை. கூரையில் ஏறி இறக்கையை அடித்துப் பார்த்தன. பறக்கத் தொடங்கிய பின், இறைச்சியைப் பலகையில் இறுகக் கட்டி வைத்தேன். இல்லாவிட்டால் தூக்கிச் சென்று வேறிடத்தில் உண்ணும், பலகைக்குத் திரும்பும் பழக்கமும் கெடும். ஒன்றையொன்று துரத்துவதும், எதிர்காற்றில் ஏறுவதும், வேகத்தை அடக்கிக் கிளையில் இறங்குவதும் அவை தாமாகக் கற்றவை. கையிலிருந்து மட்டும் பறக்கும் பறவைக்கு இந்தத் தசைவலிமை வர நெடுங்காலம் பிடிக்கும்.

மின்கம்பியும், பிற பறவைகளைக் கொல்லும் கோஷாக் என்னும் பெரிய வேட்டைப் பறவையும்தான் பெரிய அச்சங்கள். முன்பு, தாமாக வேட்டையாடும் நாளைத் தள்ளிப்போடக் கனத்த மணிகளைக் காலில் கட்டினார்கள். நான் வாலிறகில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பொருத்தினேன். டிடிடி பூச்சிக்கொல்லியால் பைரிகள் அருகிய அமெரிக்காவில், 1970களில் தொடங்கிய மீட்புப் பணி இதே பெட்டிகளைத்தான் பயன்படுத்தியது. அங்கே திரும்பப் பிடிக்கவில்லை என்பதே வேறுபாடு.

எனக்கோ பிடிக்கும் நாளைத் தீர்மானிப்பதுதான் கடினம். முந்தினால் பயன் குறையும், பிந்தினால் பறவையே போய்விடும். சிறியது ஒரு மாலை, சிக்னல் அருகிலிருந்தே வந்தபோதும், பலகைக்கு வரவில்லை. மறுநாள் காலை கழுத்தடியில் உள்ள தீனிப்பை புடைத்திருக்கக் கண்டதும், தானே கொன்று தின்னத் தொடங்கிவிட்டது என முடிவுசெய்து, பலகையருகே வில்வலை விரித்து இரண்டையும் பிடித்தேன்.

இப்போது கண்ணை மறைக்கும் தலைமூடியும், கையில் அமர்வதற்கான கையுறையும் பழக்கி வருகிறேன். முதல் சில இரவுகள் முரண்டுபிடித்தன. பெரியது கையிலேயே உண்கிறது, சிறியது இன்னும் முகம் திருப்புகிறது. கயிற்றில் கட்டிய பொய்யிரையைச் சுழற்றி மட்டும் பறக்கவிட எண்ணுபவருக்கு இவ்வளவு உழைப்பு வீண். புதர்மேட்டில் வாழும் கிரவுஸ் என்னும் காட்டுக்கோழி போன்ற பறவைகளை வேட்டையாட, ஆளின் தலைக்கு மேலே உயரத்தில் காத்திருக்க வேண்டிய பைரிக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.