மின்தடையைப் பதிந்து வைத்த வேர்கள்

நான்காம் முயற்சியில்தான் என் கிளினோஸ்டாட் (முளைகளைச் செங்குத்தான தட்டில் மெதுவாகச் சுழற்றி, புவியீர்ப்பு ஒரே பக்கமாகத் தாக்காமல் செய்யும் கருவி) சீராகச் சுழன்றது. மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் பழைய மோட்டார் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 5 சுற்றுகள் சுற்றுகிறது. 1806-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் அவரையின விதைகளை நீர்ச்சக்கரத்தில் கட்டி நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் சுழற்றியபோது, வேர்கள் மையவிலக்கு விசையைப் பின்பற்றி வெளிப்புறமாக வளர்ந்தன. எனக்கோ அந்த விசையே வேண்டாம்; 4 செ.மீ. ஆரத்தில் என் தட்டு உண்டாக்குவது புவியீர்ப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

முதல் மூன்று முயற்சிகளையும் கெடுத்தது எடைச் சமநிலை. ஈரப் பஞ்சு ஒரு பக்கம் சற்றே கனத்தாலும், பற்சக்கரங்களின் தளர்வினால் அந்தப் பக்கம் உச்சியைக் கடந்ததும் சட்டெனச் சரிந்து, அடிக்கு வந்ததும் தளர்வு தீரும்வரை நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே பக்கம் கீழே தங்குவதால் வேர்களும் அங்கேயே சாய்ந்தன. பஞ்சை நீக்கி வடிதாளை இட்டேன். பிறகு, தட்டைப் பின்னல் ஊசியில் கோத்து, எங்கு திருப்பிவிட்டாலும் அங்கேயே நிற்கும்வரை விளிம்பில் மெழுகு உருண்டைகளை ஒட்டினேன். இதற்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின. செலவிட்ட நேரம் வீண் போகவில்லை.

கடிகார எண்களைப்போல வட்டமாக வைத்த 12 பச்சைப்பயறுகளின் முளைவேர்களும் முதல் நாள் தத்தம் திசையிலேயே நேராக நீண்டன. சுழன்றுகொண்டே இருப்பதால், வேர்நுனியைப் போர்த்தியிருக்கும் வேர்மூடியின் செல்களில் உள்ள மாவுமணிகள் ஒரு பக்கமாகப் படிய நேரம் கிடைப்பதில்லை. அவை படிந்தால்தான் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பக்கம் மிகுந்து, அப்பக்கத்தின் வளர்ச்சியைத் தடுத்து, வேரை வளைக்கும்.

மறுநாள் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மாலையில் பார்த்தபோது, தட்டு நின்றிருந்த நிலையில் எந்த விளிம்பு கீழே இருந்ததோ அதை நோக்கிப் பத்து வேர்கள் வளைந்து, மின்சாரம் வந்தபின் அந்தப் புதிய திசையிலேயே நேராக வளர்ந்திருந்தன. ஏற்கெனவே கீழ்நோக்கியிருந்த ஒன்று வளையவே இல்லை. நேர் மேலே பார்த்திருந்தது பக்கவாட்டில் சற்றே திரும்பியிருந்தது.

அடுத்து மக்காச்சோள வேரில் வேர்மூடியை மட்டும் கழற்றிப் பார்க்கப் போகிறேன். அதற்கு நுண்முனை இடுக்கி தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குமுன் மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்து, இதே பயற்றை மூன்று நாள் தடையின்றிச் சுழற்றியாக வேண்டும்.