இந்த வருஷம் லீவு கேட்க வேண்டியதில்லை

எங்கள் கல்யாணம் 1988 ஆவணியில் திருவந்திபுரத்தில் நடந்தது. கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முகூர்த்த நாளென்றால் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கும் ஔஷதகிரி மலையில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணமாக நடந்துகொண்டே இருக்கும். ஒரு மேளம் ஓய்வதற்குள் அடுத்த வீட்டு மேளம் தயாராகிவிடும். தாலி ஏறியதும், தலையில் விழுந்த அட்சதையைக்கூடத் தட்டாமல், அடுத்த ஜோடிக்கு இடம் விட்டு எழுந்துகொண்டோம். படியிறங்கும்போது இவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "நாலு நாள்தான் லீவு கொடுத்திருக்காங்க. வியாழக்கிழமை நைட் ஷிப்ட்."

நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பொங்கலோ தீபாவளியோ, மண் வெட்டும் இயந்திரம் நிற்காது. அதனால் திருவிழா என்றால் நான் பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்களோடு போவேன், இவர் தூங்கி எழுந்து பிரசாதத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்வார். குறை சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். ஆனாலும் சன்னதியில் புருஷன் பெண்சாதியாக நிற்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகரும்.

2023 ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம். காசி, ராமேஸ்வரம் போய்வரச் சொல்லிப் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். நான்தான் மறுத்தேன். இத்தனை வருஷம் தனியாகப் போன கோயிலுக்கெல்லாம் முதலில் இவரோடு போக வேண்டும், காசிக்கு அப்புறம் போகலாம் என்றேன். "சரி, நீ எங்க சொல்றியோ அங்க" என்றார்.

ஆடியில் புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோடு ஆரம்பித்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கூட்டத்தில் என்னால் வடத்தைத் தொட முடியவில்லை. இவர் தொட்டுவிட்டு வந்து அந்தக் கையை என் தலையில் வைத்தார்.

ஆவணியில் கல்யாண நாளுக்குத் திருவந்திபுரம். நடுநாட்டுத் திவ்யதேசம் இரண்டில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய இடம், சுவாமி தேசிகன் பல வருஷம் வாழ்ந்த இடம். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதை இங்கேயே செலுத்தினாலும் பெருமாள் ஏற்றுக்கொள்வார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆழ்வார் வாக்கில் இந்தப் பெருமாளுக்கு 'அடியவர்க்கு மெய்யன்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

தல வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெருமாளுக்குத் தாகம் எடுத்தது. கருடன் தீர்த்தம் கொண்டுவர வெகுதூரம் பறந்து போனார். வரத் தாமதமாகவே, ஆதிசேஷன் வாலால் தரையில் அடித்து அங்கேயே நீரை வரவழைத்தார். அதுதான் கோயிலுக்குள் கிணறாக இருக்கும் சேஷ தீர்த்தம். உப்பும் மிளகும் வெல்லமும் அதில் போட்டு வேண்டிக்கொள்வோம். தாமதமாக வந்த கருடன் வருந்தி நின்றபோது, பெருமாள் அந்தத் தண்ணீரையும் ஏற்றுக்கொண்டாராம். அதுதான் கருட நதி, நம் கெடிலம். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு ஆதிசேஷன்தான் கெட்டிக்காரராகத் தெரிவார். இந்தத் தடவை கிணற்றடியில் நின்று, கையில் உப்புப் பொட்டலத்தோடு இவருக்குக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவள், கருடன் வந்து சேர்ந்த இடத்தில் பேச முடியாமல் நிறுத்திவிட்டேன். இவர் கேட்கவில்லை. மிளகை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் கிணற்றில் போட்டார்.

புரட்டாசி நாலு சனிக்கிழமையும் அங்கேயே போனோம். அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நின்றவர்களுக்குத் தெரியும்.

ஒரு புரட்டாசி திங்கட்கிழமை, கூட்டமில்லாத கோயிலாக ஒன்று சொல்லு என்றார். திருமாணிகுழிக்குக் கூட்டிப்போனேன். திருவந்திபுரம் தாண்டிப் பாலூர் போகும் வழியில், கெடிலக்கரையில் இருக்கும் பாடல் பெற்ற தலம். மாணி என்றால் பிரம்மச்சாரி. மகாபலியிடம் மூன்றடி கேட்ட வாமனர் வந்து சிவனை வழிபட்டதால் சுவாமிக்கு வாமனபுரீஸ்வரர் என்று பெயர். சம்பந்தர் 'உதவி மாணிகுழி' என்று பாடியிருக்கிறார்.

இந்தக் கோயிலில் ஒரு விசேஷம் உண்டு. கருவறையில் எப்போதும் திரை போட்டிருக்கும். உள்ளே சுவாமியும் அம்பாளும் சேர்ந்தே இருப்பதாக ஐதீகம். அதனால் திரையில் இருக்கும் பீம ருத்ரருக்குத்தான் முதல் பூஜை. அவரிடம் உத்தரவு வாங்கின மாதிரி அர்ச்சனை, தீபாராதனை எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நொடி திரை விலகும். லிங்கத் திருமேனி தெரியும். உடனே மூடிவிடுவார்கள்.

இதையெல்லாம் பஸ்ஸிலேயே இவருக்குச் சொல்லிவைத்தேன். நாங்கள் போனபோது சன்னதியில் எங்களைத் தவிர ஒரு பாட்டியும் பேத்தியும்தான். குருக்கள் தீபம் காட்டினார். மணிச் சத்தம் கேட்டது, திரை விலகியது, மூடியது. நான் பார்த்துவிட்டேன். திரும்பினால் இவர் கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நிற்கிறார். தீபம் காட்டினால் கண்ணை மூடுகிற பழக்கம்! கண்ணைத் திறந்தபோது திரைதான் இருந்தது. முகம் அப்படியே வாடிவிட்டது. "விட்டுட்டேனே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. குருக்களுக்கே மனசு கேட்கவில்லை. "யாராவது அர்ச்சனைக்கு வருவா, இருங்கோ" என்றார்.

இருந்தோம். பிராகாரத்தில் மதில் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிசாதத்தைக்கூடப் பிரிக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். முன்பெல்லாம் நைட் ஷிப்ட் முடிந்து இவர் வரும் பஸ்ஸுக்கு நான் வாசலில் காத்திருப்பேன். சேர்ந்து காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பண்ருட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுபடி மணி, மறுபடி தீபம். இந்தத் தடவை இவர் கண்ணை இமைக்கவேயில்லை. வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கிட்டீங்க என்று கேட்டேன். "பார்க்கத்தான் நேரம் இருந்துச்சு. பார்த்தேன்" என்றார்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் புதுச்சேரி போனோம். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லட்சுமி யானை 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனாள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவள் துதிக்கையை அவர்கள் தலையில் வைத்து ஆசி வாங்கித் தந்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் இவர் கூட இல்லை. அருகம்புல் மாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். விநாயகரிடம் நான் கேட்டது லட்சுமிக்காகத்தான்.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம். மூலவரே வீதிக்கு வருகிற கோயில் அது. வருஷத்தில் ஆனியிலும் மார்கழியிலும் நடராஜரும் சிவகாமி அம்மையும் கருவறையை விட்டுத் தேருக்கு எழுந்தருள்கிறார்கள். முதல் நாள் தேரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம், மறுநாள் வீட்டில் களி கிண்ட வேண்டுமே. ஏழு காய் போட்டுக் கூட்டு வைத்தேன். திருவாதிரைக் களியைச் சுடச்சுட இவர் சாப்பிட்டதே அந்த வருஷம்தான்.

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்று மணலுக்கு வந்து வரிசையாக நிற்கும். சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள், நாங்களும்தான்.

அப்புறம் வடலூர்.

நெய்வேலியில் இருந்தவர்களுக்குத் தைப்பூசம் என்றால் வடலூர்தான், பக்கத்து ஊர். வள்ளலார் சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் காட்டியது 1872 ஜனவரி 25, வியாழக்கிழமை. 2024-இல் தைப்பூசம் வந்ததும் அதே ஜனவரி 25, அதே வியாழக்கிழமை! காலண்டரைக் கிழிக்கும்போது இவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

காலை தரிசனத்துக்கே போய்விட்டோம். கறுப்பில் ஆரம்பித்து ஏழு நிறத் திரைகள், ஒன்றன்பின் ஒன்றாக விலகும். ஒவ்வொன்றும் நம் அறிவை மறைக்கிற மாயை என்று வள்ளலார் வைத்தார். கடைசித் திரை விலகியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஜோதி. "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லும்போது உடம்பு சிலிர்க்காதவர் கிடையாது. இவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வெளியே வரும் நெரிசலில் இவரை விட்டுவிட்டேன். போன் அடித்தால் போகவில்லை. அவ்வளவு கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கும்? திடலை இரண்டு தடவை சுற்றினேன். அன்னதானப் பந்தல், மோர்ப் பந்தல், ஒலிபெருக்கி அறிவிப்பு, எங்கேயும் ஆள் இல்லை. பி.பி. மாத்திரை என் பையில் இருக்கிறது, அவர் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு ஞாபகம் வந்து கால் தளர்ந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம்தான் தோன்றியது, பசித்தால் எங்கே போவார்?

தருமசாலைக்குப் போனேன். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிற இடம். பந்தியில் மூன்றாவது வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடத்தில் தன் துண்டை விரித்துப் போட்டிருந்தார். சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் "வீட்டுக்காரம்மா வராங்க" என்று சொல்லிச் சொல்லி, இவரும் சாப்பிடாமல், அது மூன்றாவது பந்தியாம். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வருவேன்னு தெரியும்" என்றார். கோபமாகத்தான் வந்தேன். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. பரிமாற வந்த பையன், "காரமா அம்மா?" என்று கேட்டு மோர் ஊற்றிவிட்டுப் போனான்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை. காலையில் இவர் தன் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தார். இத்தனை வருஷமும் கிடைத்த நாளில் கிடைத்த நேரத்தில் செய்தது, இந்தத் தடவை கடல் நீரில் நின்று, சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்திருக்க, நிதானமாக நடந்தது.

சித்திரை அனுஷத்தன்று வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பத்துக்கு நடந்தே போனோம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது, அவர் நமச்சிவாயப் பதிகம் பாடிக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்த இடம். அங்கிருந்து வந்து எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரரைப் பார்த்ததும்தான் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று பாடினார். தினமும் காலையில் போகிற கோயில் என்பதால் அதைத் தனியாகப் பயணம் என்று எழுதக் கை வரவில்லை. வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் ஓடியபோது இரண்டு பேரும் வடம் பிடித்தோம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் மறுபடி கல்யாண நாள் வந்தது. நல்ல முகூர்த்த நாள். உப்பு, மிளகு, வெல்லம் போட்டுவிட்டு, தேவநாதரையும் செங்கமலவல்லித் தாயாரையும் சேவித்து, ஹயக்ரீவரைப் பார்க்க மலை ஏறினோம். 74 படி. என் முழங்காலுக்குப் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. மேலே மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடித்த ஒரு ஜோடி மாலையும் கழுத்துமாக வேகமாக இறங்கி வந்தது. பின்னால் வந்த ஒரு அம்மா, மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை டூட்டி, அதற்குள் மறுவீடு முடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் படியை மறித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்தப் பையன் தயங்கி நின்றான்.

இவர் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

"நீங்க போங்க தம்பி. எங்களுக்கு அவசரமில்லை."