எந்தக் கல்மடு?

வானொலியில் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அப்பா கேட்டார்: "அப்படியென்றால் இனி யார் மிதிப்பது?"

1990களில், போர்க்காலத்தில், இலங்கையின் வடக்கே வன்னியில் எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியோ வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரை வானொலிப் பெட்டியில் கொடுத்துத்தான் இரவில் பிபிசி தமிழோசை கேட்டோம். பெடல் என் பொறுப்பு. கால் தளர்ந்தால் வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். "மிதி பிள்ளை, மிதி!" ஒரு சொல்லும் தவறக் கூடாது என்பதை என் கால்கள்தான் முதலில் படித்தன. 2017இல் தமிழோசை வானொலி நின்றபோது, அப்பா பெட்டியைத் துடைத்துத் துணியால் மூடிவைத்தார்.

நான் வாசிப்பது பிராந்தியச் செய்தி. மாரி தொடங்கினால் அமைச்சரவைத் தீர்மானம் யாருக்கு வேண்டும்? இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி, முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கிறதா, வவுனிக்குளம் எப்படி, இவைதான் வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த பிறகு அந்த அடிக்கணக்குக்கு இன்னும் மதிப்பு.

ஒரு மாரிக் காலை, "கல்மடுக்குளம் வான் பாய்கிறது, தாழ்நிலங்களில் இருப்பவர்கள் அவதானமாக இருக்கவும்" என்று தாளில் இருந்தது. அப்படியே வாசித்தேன். கல்மடு கிளிநொச்சியிலும் உண்டு, வவுனியாவிலும் உண்டு. கலையகத்தை விட்டு வெளியே வருவதற்குள் தொலைபேசி. வவுனியாப் பக்கத்து ஆச்சி ஒருவர், ஆடுகளையெல்லாம் அயல்வீட்டு விறாந்தையில் ஏற்றிவிட்டாராம்.

"எந்தக் கல்மடு பிள்ளை?"

கிளிநொச்சி என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னால் ஆடு ஒன்று கத்தியது.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!"

தாளை எழுதியவர் மீது பழியைப் போட்டிருக்கலாம்தான். ஆனால் வாய் என்னுடையது.

அன்றிலிருந்து தாள் கைக்கு வந்ததும் ஊர்ப்பெயர்களின் மேல் மாவட்டத்தைச் சிவப்பு மையால் எழுதுகிறேன். ஒலிவாங்கிக்குச் சத்தம் போகக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். வியர்வை விழுந்து சில நாட்களில் வவுனியா கரைந்து முல்லைத்தீவுக்குள் ஓடியிருக்கும். அதற்காகவே ஒருமுறை மனப்பாடமும் செய்துவிடுகிறேன்.

அடுத்த மாரியில் ஆச்சி மீண்டும் அழைத்தார். அன்று எந்தக் குளமும் வான் பாயவில்லை. ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயரில் பாதியை நான் விழுங்கிவிட்டேனாம்.