எது மலை, எது மேடு

ஆங்கில எழுத்தைப் பார்த்து ரொண்டா என்று படித்துவிடாதீர்கள், ரொந்தா. நம் ‘ந்த’ அப்படியே பொருந்துகிறது. தென்வேல்ஸில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றல்ல, இரண்டு. பெரியது ரொந்தா வௌர், சின்னது ரொந்தா வாக். இரண்டு ஆறுகளும் சேரும் ஊருக்குப் பெயர் போர்த். வெல்ஷ் மொழியில் வாசல் என்று அர்த்தம்.

நான் வேலை பார்ப்பது சின்ன ரொந்தாவில். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். போர்த்திலிருந்து வாட்ஸ்டவுன், டைலர்ஸ்டவுன், ஃபெர்ன்டேல், கடைசியில் மார்டி என்று ஒரே சாலையில் எல்லா ஊரும் வந்துவிடும். ஆற்றோரம் இடமில்லாததால் வீடுகள் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டி வரிசை வரிசையாக ஏறுகின்றன. ஒரு வரிசையின் கூரை உயரத்தில் அடுத்த வரிசையின் வாசல்படி இருக்கும். மழையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் இந்த ஊரின் பூகோளம் முழங்காலுக்குப் புரிந்துவிடும்.

ஒரு காலத்தில் இங்கே அணில் தரையில் கால் வைக்காமல் பள்ளத்தாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மரத்துக்கு மரம் தாவிப் போகலாம் என்பார்கள். 1851-இல் இரண்டு பள்ளத்தாக்கிலும் சேர்த்து ஆயிரம் பேர்கூட இல்லை. 1924-இல் 1,60,000-க்கும் மேல். காரணம் அடியிலிருந்த நீராவி நிலக்கரி. புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் இதைத்தான் கேட்டன. அதற்குக் கொடுத்த விலை அதிகம். ஃபெர்ன்டேலில் 1867-இல் ஒரே வெடிவிபத்தில் 178 பேர் செத்தார்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவள். எங்கள் ஊரில் உயரம் என்றால் கோயில் கோபுரம்தான். அதனால் இங்கே வந்த புதிதில் பச்சையாக உயர்ந்து நிற்பதெல்லாம் எனக்கு மலைதான். அது அப்படியில்லை என்று சொல்லிக்கொடுத்தவர் மார்டியில் ஒரு பெரியவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1984-85-இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் கடைசி நாள்வரை ஓர் ஆள்கூட வேலைக்கு உள்ளே போகாத சுரங்கம் அது. 1990 டிசம்பரில் மூடினார்கள். ரொந்தாவின் கடைசிச் சுரங்கமும் அதுதான்.

அவர் கையை முதல்முறை பிடித்தபோது பச்சை குத்தியிருக்கிறார் என்றே நினைத்தேன். புறங்கையிலும் புருவத்திலும் நீலநீலமாகக் கோடுகள். கீறல் ஆறும்போது உள்ளே சிக்கிக்கொண்ட கரித்தூள் அது. கழுவி எடுக்க முடியாது. தோல் அதன்மேல் மூடி வளர்ந்துவிட்டது.

கட்டு மாற்றும் நேரத்தில் அவர் ஜன்னலைக் காட்டுவார். “அங்கே பார், கரியாத்” (கண்ணே என்று நாம் சொல்வதுபோல). “ஓடையும் பாறையும் தெரிகிறதே, அது மலை. பக்கத்தில் வழவழவென்று முடிகிறதே, அது டிப்.” டிப் என்றால் சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் குவித்த மேடு. கீழே இடமில்லை, அதனால் மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பின்னால் புல் முளைத்தது, ஆடு மேய்ந்தது. பார்க்கிறவர்களுக்கு மலை.

2020 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. டென்னிஸ் புயல் மழை. டைலர்ஸ்டவுனில் எதிர்ச் சரிவு இறங்கி வரும் வீடியோ போனுக்கு வந்தது. ஏறக்குறைய 60,000 டன். பச்சைக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு பிளவு, கீழே ஆறு அடைத்துக் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்த வாரம் நான் போன வீடுகளில் வயதானவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். அபர்வான்.

இரண்டு மலைமுகடு தாண்டினால் அந்த ஊர். 1966 அக்டோபர் 21 காலையில், நீரூற்றின் மேல் கொட்டியிருந்த டிப் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். மண்வெட்டியோடு ஓடியவர்களில் என் பெரியவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபது. அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

டைலர்ஸ்டவுன் சரிவுக்கு அப்புறம்தான் வேல்ஸ் முழுக்கக் கைவிடப்பட்ட டிப்புகளைக் கணக்கெடுத்தார்கள். 2,500-க்கும் மேல் வந்தது. கரி போன இடம் எங்கெங்கோ. லாபம் கப்பலேறிப் போயே நூறு வருடம் ஆகிவிட்டது. மேட்டைக் காவல் காக்கும் வேலை மட்டும் இந்த வீடுகளுக்கு. இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் போனபோது பெரியவர் வாசலுக்கு வரவில்லை, ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை நீட்டவில்லை. “வரும்போது ஓடைத் தண்ணீர் என்ன நிறம்?” என்று கேட்டார். தெளிவாக இருந்தது என்றேன். சரி என்று காலை நீட்டினார்.