ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில்தான்

இந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மாலை நான்கு முதல் எட்டு மணி வரை எங்கள் மேக்கர்ஸ்பேஸ், அதாவது மெஷின்களைப் பொதுவில் வைத்து அவரவர் வேலையை அவரவரே செய்துகொள்ளும் பட்டறை, எல்லோருக்கும் திறந்திருக்கும். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கையில் ஒரு வேலை இருந்தால் போதும். வகுப்பு எடுக்க மாட்டோம், சான்றிதழும் கிடையாது. மெஷின்கள் இருக்கும், பக்கத்தில் அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் வழிகாட்டியாக இருப்பார், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதற்குத் தனியாக ஓர் இடம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் சத்தம் கேட்கும். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று பாதி ஊர் பட்டறையிலேதான் பிழைக்கிறது. ஆனால் அங்கே போய், "அண்ணா, நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜாப் ஒர்க் ஓடுகிற இடத்தில் மெஷின் நின்றால் காசு நஷ்டம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொழில் பழக வேண்டுமென்றால் சின்ன வயதிலேயே சேர்ந்து, இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி, எடுபிடி வேலையெல்லாம் பார்த்து, என்றைக்காவது ஒருநாள் மேஸ்திரி மனசு வைத்தால்தான் கைப்பிடியைத் தொடலாம். அப்படிப் பழகி, லேத் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் எங்கள் வழிகாட்டிகளில் மூத்தவர். தான் பட்டதை இன்னொருவர் பட வேண்டாம் என்பது அவர் கட்சி.

மெஷினைப் பொதுவில் வைப்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிய ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை, 2002இலேயே புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில் இருக்கும் விஞ்ஞான் ஆசிரமத்துக்கு வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் ஆரம்பித்த ரிப்பேர் கஃபே வேறு மாதிரி: பழுதான பொருளைக் கொண்டுவந்து, தெரிந்தவர் கூட உட்கார்ந்து சரி பண்ணுவது. நாங்கள் செய்யப்போவது இரண்டும் கலந்தது.

இதில் வழிகாட்டிக்குக் கஷ்டமான வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். சோதனை ஓட்டமாக நடத்திய ஒரு மாலையில் ஒரு அம்மா மிக்ஸியைக் கொண்டுவந்து, "இங்க வெச்சுட்டுப் போகட்டுங்களா, எப்ப வந்து வாங்கிக்கறது?" என்றார். இல்லைங்க, நீங்களேதான் கழட்டப் போறீங்க என்றதும் ஏதோ ஏமாற்று வேலை என்பது போலப் பார்த்தார். சரி, முதலில் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னோம்; ஓவர்லோடில் மிக்ஸி தானாக நின்றிருந்தால் வேலை அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கி, அடி மூடியைக் கழற்றி, மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுத்தார். தேய்ந்து விரல் நகம் அளவுக்கு வந்திருந்தது, ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் அது மோட்டாரில் சுற்றும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தைத் தொடாது. புது ஜோடி போட்டதும் ஓடியது. நான் செய்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும், ஆனால் அடுத்த முறையும் என்னிடம்தான் வருவார். "இதுக்கா கடையில மோட்டார் போச்சுன்னாங்க" என்று அவர் முணுமுணுத்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சில விஷயங்களில் மட்டும் கறாராக இருப்போம். டிரில்லிங் மெஷினில் கையுறை போடக் கூடாது. பாதுகாப்புக்குத்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். துப்பட்டா, தொங்கும் முடி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். லேசர் கட்டரில் பிவிசி, ரெக்சின் இரண்டுக்கும் அனுமதி இல்லை. அவை வெந்தால் கிளம்பும் குளோரின் கலந்த புகை நுரையீரலுக்கும் ஆகாது, மெஷினின் தண்டவாளத்தையும் அரித்துவிடும். கொண்டுவந்த பிளாஸ்டிக் எதுவென்று சந்தேகமாக இருந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுவோம். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், பொருளைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்கு மாயாஜாலம் மாதிரி இருப்பதால் வேலையே இல்லாதவர்களும் இதைச் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

மைக்ரோவேவ் அவனைக் கொண்டுவராதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதைத் திறந்து பழகும் இடம் இது இல்லை. உப்பிய செல்போன் பேட்டரியும் வேண்டாம். மற்றபடி சீலிங் ஃபேன், டேபிள் லேம்ப், ஆடுகிற நாற்காலி, ப்ராஜெக்ட்டுக்கான சர்க்யூட் போர்டு, எது வேண்டுமானாலும் வரலாம். முடியாமல் போனால் முடியவில்லை என்று சொல்லிவிடுவோம். லேசருக்கு ஆள் சேர்ந்தால் முறை வைத்துத்தான் தருவோம், அதனால் வரைபடத்தை வீட்டிலேயே முடித்து டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி ஃபைலாக எடுத்து வாருங்கள். இங்கே வந்து மூன்று மில்லிமீட்டரா ஐந்தா என்று யோசித்தால் பின்னால் நிற்பவர் முறைப்பார். முதல் தடவை வருபவர்கள் நான்கு மணிக்கே வந்துவிடுங்கள், மெஷின்களைச் சுற்றிக் காட்டாமல் யாரையும் தொட விடுவதில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தையல் மெஷின் ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் அதில் நேராக ஒரு தையல் போடத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வர முடிந்தாலும் சொல்லுங்கள்.