ஹேர்பின்னை எண்ணிக் கொடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற நகரங்களில், ஆடியும் ஒருத்தியை ஒருத்தி தூக்கி நிறுத்தியும் போட்டியிடுகிற சியர்லீடிங் குழு ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தொடங்கிவிட்டால், அம்மாமார்கள் முதலில் கேட்பது தலைமுடியைப் பற்றித்தான். "தலைக்கு என்ன டீச்சர் செய்யணும்?" பரதநாட்டியத்துக்குப் பிள்ளையை அலங்கரித்துப் பழகிய கைகள் அவை. சவரி வைத்துப் பின்னத் தெரியும், நெற்றிச்சுட்டி நகராமல் குத்தத் தெரியும், கொண்டையைச் சுற்றிப் பூ வைக்கத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் இங்கே பாதிதான் கைகொடுக்கும். நாட்டியத்தில் ஆடுகிற பிள்ளையை யாரும் மேலே எறிந்து பிடிப்பதில்லை. சியரில் ஒருத்தியின் பின்தலை இன்னொருத்தியின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து வந்து போகும். அதனால் போட்டிக்கு முடி கட்டிவிடும் வேலையில் இருக்கிற நாங்கள் எதையும் கீழே நிற்கிற பிள்ளையின் கண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அழகு அதற்கு அப்புறம்.

மதிப்பெண் தாளில் தலைமுடிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. தூக்கி நிறுத்தும் ஸ்டண்ட், அடுக்காக நிற்கும் பிரமிட், மேலே எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸ், கரணம் போடும் டம்ளிங், ஒட்டுமொத்தத் தோற்றம் என்றுதான் பிரிப்பார்கள். பெரும்பாலும் இரண்டரை நிமிட ஆட்டம். சுருள் சுருளாக முடி தொங்கினால் கூடுதல் புள்ளி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதி பேசுவதெல்லாம் பாதுகாப்பைத்தான். ஐசியு என்கிற உலக சியர் சங்கத்தை ஒலிம்பிக் குழு 2021-இல் முழுமையாக அங்கீகரித்தது. அதன் விதியில் எந்த நகைக்கும் இடமில்லை. அமெரிக்காவில் கிளப் போட்டிகளை ஒழுங்குபடுத்தும் யூஎஸ்ஏஎஸ்எஃப், தலையில் கட்டும் போ ரிப்பன் பொதுவாக 3 அங்குல அகலத்தைத் தாண்டக் கூடாது, நெற்றியில் சரிந்து கண்ணை மறைக்கக் கூடாது என்கிறது. இங்கே நடக்கும் போட்டிகளின் விதிப்புத்தகம் வருடத்துக்கு வருடம் மாறும். பதிவு செய்த அன்றைக்கே அதை வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

நகை என்றால் தங்கச் சங்கிலி மட்டுமென்று பலரும் நினைக்கிறார்கள். தோடு, மூக்குத்தி, கொலுசு, கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் தோடு எல்லாமே நகைதான். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. காது குத்திப் புதிதாக இருந்தால்தான் சிக்கல். குறைந்தது ஆறு வாரத்துக்குத் தோட்டைக் கழற்றக் கூடாது, கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். ஆகவே காது குத்து வைப்பதாக இருந்தால் போட்டித் தேதியைப் பார்த்துவிட்டு வையுங்கள் என்று பெற்றோருக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம். கையில் கட்டிய கோயில் கயிறு தனி வழக்கு. அதைப் பயிற்சியாளர் அறுக்கக் கூடாது, வீட்டுப் பெரியவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். கடைசி நேரத்தில் மேடைக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நின்றால் சண்டைதான் வரும்.

முடிக்கு வருவோம். நம் பிள்ளைகளின் தலையில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தினமும் எண்ணெய் வைத்து வாரிய முடியில் ரப்பர் நிற்காது, ஜெல் பிடிக்காது, ஸ்ப்ரே மேலேயே திட்டுத்திட்டாக நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, எண்ணெய் பிடரியிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து கைக்கும் இறங்குவது. பேஸாக நின்று தூக்குகிற பிள்ளையின் கை வழுக்கினால் மேலே நிற்கிற ஃப்ளையர் எங்கே விழுவாள் என்று சொல்ல வேண்டியதில்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்பே எண்ணெயை நிறுத்திவிட்டு, முதல் நாள் சாயங்காலம் ஷாம்பு போட்டு அலச வேண்டும். கண்டிஷனர் நுனிமுடிக்கு மட்டும். வேரில் பட்டால் பின் வழுக்கும். அடர்ந்த முடி நம் ஊர் ஈரக்காற்றில் ராத்திரிக்குள் காயாது, ஃபேனுக்கு முன்னால் உட்கார வைத்து உள்வரை காயவிடுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கட்டிய முடி காய்ந்ததும் தளர்ந்து போகும். காலையில் கல்லாக இருந்த கட்டு மதியம் ஆடுவது இதனால்தான்.

பெரும்பாலான குழுக்கள் கேட்பது உச்சிக் குதிரைவாலும் அதன்மேல் ஒரு போவும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தாடை நுனியிலிருந்து காது வழியாக விரலை நேராக மேலே கொண்டுபோனால் உச்சிக்குச் சற்றுப் பின்னால் போய் முடியும். அங்கேதான் முடிச்சு. எல்லாப் பிள்ளைக்கும் இதே கோட்டில் கட்டினால் வரிசையில் நிற்கும்போது ஏற்ற இறக்கம் தெரியாது.

அடர்த்தியான முடியை ஒரே பிடியில் அள்ளிக் கட்டாதீர்கள். முதல் குதிப்பிலேயே பிடரிப் பக்கம் தொய்ந்துவிடும். வால்சீப்பால் ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை வகிடெடுத்து, முன்பகுதியைக் கிளிப்பில் ஒதுக்கிவையுங்கள். பின்பகுதியைத் தனியாக வாரி, பிள்ளையைச் சற்று அண்ணாந்து பார்க்கச் சொல்லி, முதல் ரப்பரைப் போடுங்கள். அண்ணாந்திருக்கும்போது கட்டினால் தலை நிமிர்ந்ததும் பிடரி முடி விறைப்பாக நிற்கும். குனிந்திருக்கும்போது கட்டினால் பை மாதிரி தொங்கும். அப்புறம் முன்பகுதியை அதன்மேல் சேர்த்து இரண்டாவது ரப்பர். எடை இரண்டு ரப்பருக்கும் பிரிந்துவிடுவதால் மொத்தக் கட்டும் நகராது. ரப்பர் துணி சுற்றியதாக, இரும்பு இணைப்பு இல்லாததாக இருக்க வேண்டும். ரப்பர் மரத்தடியிலேயே வளர்ந்த ஊர் என்றாலும், நாசி லெமாக் பொட்டலத்தில் வருகிற ரப்பர் வளையம் தலைக்கு ஆகாது. கழற்றும்போது முடியைக் கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, பழைய டூத் பிரஷில் தடவி, நெற்றியோரத்துப் பூனைமுடியில் மட்டும் இழுத்தால் போதும். அதிகம் போட்டால் காய்ந்து பொடுகு மாதிரி வெள்ளையாக உதிரும். வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கினால் பிள்ளை பிரமிடின் நடுவில் நின்றுகொண்டு கண்ணைக் கசக்கும். ஸ்ப்ரேயை ஒரு அடி தள்ளிப் பிடித்து, நெற்றியில் கையைக் குடையாக வைத்து அடிக்க வேண்டும். அதுவும் வராந்தாவில். பாய் விரித்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்க யாரையும் நாங்கள் விடுவதில்லை. காற்றில் மிதந்து தரையில் படிவது ஷூவுக்கு ஓர் இடத்தில் ஒட்டும், ஓர் இடத்தில் வழுக்கும்.

இனி பின். கறுப்பு ஹேர்பின்னில் நெளிவான கால் தலைப்பக்கம் இருக்க வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகத்தான் குத்துகிறார்கள். ஒற்றைப் பின் வழுக்கும், இரண்டைப் பெருக்கல் குறியாகக் குத்தினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முனையில் இருக்கிற உருண்டைப் பூச்சு உதிர்ந்த பின் குப்பைக்குப் போக வேண்டும், அது தோலைக் கீறும். இரண்டு காலும் விரிந்த கொண்டை ஊசி கூடவே கூடாது. நேராக நிற்கிற தலையில் அது நிற்கும், தலைகீழாகப் போனால் தானாக நழுவி விழும். டப்பென்று மூடுகிற தகரக் கிளிப்பும் பல் வைத்த பெரிய கிளிப்பும் அப்படித்தான், வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய சின்ன டப்பாவில் பன்னிரண்டு பின் எண்ணிப் போட்டுக் கொடுக்கிறோம். கட்டி முடித்ததும் தலையில் எத்தனை, டப்பாவில் எத்தனை என்று மூடியில் எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்து வந்ததும் மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது பாயில் கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்த குழுப் பிள்ளை உள்ளங்கையை ஊன்றிக் கரணம் போடப்போகும் பாய் அது. உடனே பாய்ப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். இதைக் கெடுபிடி என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. முகம் சுளித்தாலும் எண்ணத்தான் வேண்டும். பூவை முழுதாகத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். நாலு மல்லிகை உதிர்ந்தால் அந்த இடத்தில் கால் வழுக்கும்.

போ வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரும்புக் கிளிப் வைத்ததை வாங்க வேண்டாம். ஃப்ளையர் மேலிருந்து கிரேடிலில், அதாவது கீழே பிடிக்கிறவர்களின் கைகளில், விழும்போது அவள் தலை பின்னால் பிடிக்கிற பேக் ஸ்பாட்டின் தாடையிலோ தோளிலோ இடிக்கும். இடிப்பது துணியாக இருந்தால் பரவாயில்லை, தகடாக இருந்தால் உதடு கிழியும். எலாஸ்டிக் வளையம் தைத்த போவைக் குதிரைவாலின் அடியில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டால் போதும். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய போவாக இருந்தால் ஒட்டிய கல்லை எல்லாம் பிய்த்துவிட்டு, நடு முடிச்சை நைலான் நூலால் இன்னொரு முறை தையுங்கள். வெறும் பசையை நம்ப முடியாது.

இடுப்பைத் தொடும் முடி என்றால் வீட்டுக்குப் பெருமைதான். சியரில் அது சாட்டை. சுழன்று இறங்கும்போது கீழே நிற்கிறவளின் கண்ணில் அடிக்கும், பிடிக்கிற கையின் விரலிடுக்கில் சிக்கி வேரோடு இழுக்கும். இதற்காக வெட்டச் சொல்லத் தேவையில்லை. குதிரைவாலைப் பின்னி, பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டுவது போலவே மேலே மடித்து, நுனியைப் போவுக்கு அடியில் செருகிக் கட்டினால் தோளுக்கு மேலேயே நின்றுவிடும். கொண்டையாகச் சுற்றினால் என்ன என்று கேட்பார்கள். பின்பக்கம் உருளும்போது முதலில் தரையில் முட்டுவது அந்தக் கொண்டைதான். கழுத்து அளவுக்கு மீறி முன்னால் மடங்கும். டம்ளிங் செய்கிற பிள்ளைக்குக் கொண்டை வேண்டாம். சவரியும் வேண்டாம், அது பறந்து போய் நடுவரின் காலடியில் விழும்.

எல்லார் தலையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் எங்களுக்குக் கடைசிவரை பிடிக்காத விஷயம். ஒரே குழுவில் சுருட்டை முடி இருக்கும், பட்டு மாதிரி நழுவுகிற நேர் முடி இருக்கும், தூடோங் என்கிற முக்காடு போட்ட பிள்ளை இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடியிறக்கிவிட்டு வந்த மொட்டைத் தலையும் இருக்கும். குழுவுக்கான கட்டை அந்தக் குழுவிலேயே மிகக் கடினமான தலையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே நிற்பது மற்ற எல்லாத் தலையிலும் நிற்கும். நேர் முடியில் பின் நழுவினால் குத்துவதற்கு முன் பின்னிலேயே ஸ்ப்ரே அடியுங்கள். தூடோங் என்றால் பின் குத்தாத விளையாட்டுத் தூடோங், அதன்மேல் அகலமான எலாஸ்டிக் பட்டையில் தைத்த போ. மொட்டைத் தலைக்கும் அதே பட்டைதான். தலைச்சுற்றளவைவிட இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்து, உட்பக்கம் மெல்லிய சிலிக்கான் கோடு இருக்கிற எலாஸ்டிக்கைப் பயன்படுத்தினால் நழுவாது. ஒரு பிள்ளைக்காக எல்லாருக்கும் பட்டையே வைத்துவிட்டாலும் யாரும் புள்ளி குறைக்கப்போவதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் சுருட்டை முடியை வரிசைக்காக மருந்து போட்டு நேராக்கும் ரீபாண்டிங் செய்யச் சொல்வது அநியாயம். அந்த மருந்து அந்த வயதுத் தலைக்கு ஆகாது.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. கட்டி முடித்ததும் பிள்ளை புருவத்தை உயர்த்தி இறக்கட்டும். இறக்க முடியவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், தலைவலி, கன்னப்பொட்டுப் பக்கம் முடி மெலிவது எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டுவதால் வருபவை. பயிற்சி நாட்களில் உச்சிக்குப் போக வேண்டாம். தளர்வான பின்னல் போதும், இடத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பையன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்முடி புருவத்துக்கு மேலே நிற்க வேண்டும், வேக்ஸ் போட்ட தலையைத் தடவிய கையோடு ஸ்டண்டுக்கு வரக் கூடாது.

பேனைப் பற்றிப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். தலையோடு தலை ஒட்டுகிற விளையாட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் வாரக் கடைசிக்குள் பாதிக் குழுவுக்கு வந்துவிடும். சீப்பும் பிரஷும் அவரவர் டப்பாவில் அவரவருக்குத்தான். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே எல்லார் தலையையும் பார்த்துவிடுங்கள். மருந்து போட்டால் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரண்டாம் முறை போட வேண்டும். முதல் முறையில் தப்பிய ஈர் பொரிவது அந்த இடைவெளியில்தான். எந்தப் பிள்ளைக்கு என்பதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

நேரக் கணக்கைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு தலைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம், அடர்ந்த நீள முடிக்கு இருபது. பதினாறு பிள்ளைக்கு இரண்டு பேர் நின்று கட்டினாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோலாலம்பூர்ப் பக்கம் போட்டியென்றால் இங்கிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே பஸ் கிளம்பும். ராத்திரியே கட்டிவிட்டுத் தூங்க வைத்தால் ஒருக்களித்த பக்கம் நசுங்கிப் போகும். ஓடுகிற பஸ்ஸில் கட்டுவதும் சரிவராது, பிரேக் போட்டால் வால்சீப்பின் முனை காதில் ஏறும். முதல் நாள் இரவு சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். மண்டபத்தில் இறங்கியதும் நீள முடிக்காரர்களில் தொடங்கி, குட்டை முடிக்காரர்களில் முடியுங்கள். வார்ம்-அப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்பாவது எல்லாத் தலையும் தயாராக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து முறை குதித்து, ஒரு முறை பின்னால் உருண்டு, தலையை வேகமாக இடம் வலம் ஆட்டிக் காட்டட்டும். ஆடுகிற போவை, எட்டிப் பார்க்கிற பின்னை அப்போதே மாற்றிக் குத்திவிட்டு, டப்பா மூடியில் இருக்கிற எண்ணிக்கையையும் திருத்தி எழுதிவிடுங்கள்.