ஒரு கட்டை ப்ளூஸ்

"உங்களுக்கென்ன மேடம், கர்நாடிக் வாசிக்கிறீங்க. மனோதர்மம் ரத்தத்துலயே ஊறியிருக்கு. ஜாஸெல்லாம் சும்மா." கோடை விடுமுறையில் ஒரு ஜாஸ் முகாமுக்குப் போகப்போகிறேன் என்று வாயைத் திறந்த நாளிலிருந்து, ஸ்டாஃப் ரூமிலிருந்து பெங்களூர் அல்சூர் மார்க்கெட் வரை இதையே கேட்டாயிற்று. போய்வந்துவிட்டேன், இப்போது சொல்லலாம். மனோதர்மம், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் பழக்கம், அங்கே எனக்குப் பாதி நாள் இடைஞ்சலாகத்தான் இருந்தது. கைகொடுத்தது வேறொன்று. அதற்கு வருகிறேன்.

பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வயலின் சின்ன வயதிலிருந்து கூடவே இருக்கிறது, ஆனால் மேடைக்காரி கிடையாது. நவராத்திரிக்கு யார் வீட்டிலாவது, கோயிலில் உற்சவம் என்றால், யாருடைய மாணவியாவது பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ஏப்ரல் வந்தால் என் சாயங்காலமெல்லாம் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளுக்குத்தான். இந்த வருஷம் அதில் பாதியைத் துறந்துவிட்டு, குக் டவுனில் ஒரு பழைய பங்களாவின் ஹாலில் போய் நின்றேன். நின்றேன் என்று சொல்லக்கூடாது. உட்கார்ந்தேன்.

எல்லோரும் நின்றுகொண்டு வாசிக்க, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பாயை விரித்துச் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். பியானோ வாசிக்கும் ஆங்கிலோ இந்தியன் அங்கிள், எழுபது தாண்டியவர், கன்டோன்மென்ட் தமிழில் கேட்டார்: "இன்னாம்மா, பூஜையா?" "ஆமா அங்கிள், நீங்கதான் ஐயர்" என்றேன். அதோடு சரி, முகாம் முடியும்வரை அவர் எனக்குத் தோஸ்து.

அமெச்சூர்களுக்கான முகாம். டெனர் சாக்ஸபோனோடு ஒரு சாஃப்ட்வேர்க்காரர், பேஸ் கிடாரோடு ஒரு கல்லூரிப் பெண், டிரம்ஸுக்குக் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பையன். சர்ச்சில் வாசித்துப் பழகியவனாம். இன்னும் சிலர். சொல்லிக்கொடுத்தவருக்கு எங்களில் பாதிப் பேரைவிட வயது குறைவு.

முதல் பாட்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்'. 1942இல் ரெக்கார்ட் ஆனது. சி என்ற சுருதி நமக்கு ஒரு கட்டை, எனவே வயலினை ஒரு கட்டைக்கு இறக்கிச் சுருதி சேர்த்தேன். பியானோ அங்கிள் சி என்கிறார், நான் ஒரு கட்டை என்கிறேன், சாக்ஸபோன்காரர் டி என்கிறார். டெனர் சாக்ஸபோனில் அந்தச் சத்தம் வர, டி என்று எழுதியிருப்பதைத்தான் வாசிக்க வேண்டுமாம். மூன்று பேர் சொல்வதும் ஒரே ஷட்ஜம், ஒரே 'ஸ'. மெட்டு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மொத்தப் பாட்டுக்கும் இரண்டே ஸ்வரம், மந்திர பஞ்சமமும் (கீழ் 'ப') ஷட்ஜமும். எனக்கு அது மூன்றாம் தந்தி, இரண்டாம் தந்தி. இடதுகை விரலே வைக்க வேண்டாம், வில்லைப் போட்டால் பாட்டு. அந்தச் சின்ன வரியை மூன்று தடவை சொன்னால் பன்னிரண்டு பார், அதாவது ப்ளூஸின் ஒரு சுற்று, முடிந்தது. பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக நாற்பத்தெட்டு. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாட்டு முடிந்து, அதே பன்னிரண்டு பாருக்குள் ஒவ்வொருவராகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டும். அங்கேதான் தரை நகர ஆரம்பித்தது.

நம் சங்கீதத்தில் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும், நாம் அதைச் சுற்றி ஆயிரம் செய்யலாம். இங்கே கீழே ஒலிக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து கட்டம் போட்டேன். முதல் கார்டு சி செவன்: அந்தர காந்தாரம் (பெரிய 'க'), கைசிகி நிஷாதம் (சின்ன 'நி'). ஸ்வரங்களை வரிசையாக அடுக்கினால் ஹரிகாம்போதி ராகம். ஐந்தாம் பாரில் எஃப் செவன் வருகிறது. அப்போது அந்தர காந்தாரம் அரைப்படி இறங்கிச் சாதாரண காந்தாரம் (சின்ன 'க') ஆகிவிடுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அதாவது கரகரப்ரியா! ஏழாம் பாரில் திரும்ப ஹரிகாம்போதி. ஒன்பது, பத்தில் ஜி செவன் பக்கம் போகும்போது காகலி நிஷாதம் (பெரிய 'நி') எட்டிப்பார்க்கிறது, சங்கராபரணம். பதினொன்றில் பழையபடி ஹரிகாம்போதி. அரை நிமிஷம்கூட ஆகாது, மூன்று மேளகர்த்தா, மூன்று தாய் ராகம். ராகமாலிகை என்றால் இதுதான் ராகமாலிகை.

மறுநாள் அந்தக் காகிதத்தைப் பெருமையாகக் காட்டினேன். ஆசிரியர் ஆர்வமாகப் பார்த்தார், போட்டோகூட எடுத்துக்கொண்டார். அப்புறம் மடித்து என் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு சுற்று முழுக்க இரண்டே ஸ்வரத்தில் வாசிக்கச் சொன்னார். எந்த இரண்டு? ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவதும் ஏழாவதும். சி செவனில் காந்தாரமும் நிஷாதமும். எஃப் செவனுக்கு மாறும்போது காந்தாரம் அரைப்படி இறங்கும், கைசிகி நிஷாதம் சதுஸ்ருதி தைவதத்துக்கு அரைப்படி இறங்கும். அவ்வளவுதான். அந்த இரண்டு விரல் அசைவில் கார்டு மாறியது காதுக்குத் தெரிந்துவிடுகிறது, பியானோ வாசிக்காவிட்டாலும் தெரிகிறது. பேஸ் வாசிக்கும் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, அதுதான் பெரிய தகராறு. கரகரப்ரியா காந்தாரத்தைச் சும்மா பிடித்து நிற்க என் விரலுக்குத் தெரியாது, தானாக அசையும். அங்கிள் அங்கே அதே ஸ்வரத்தை, ஈ பிளாட்டை, அசையாமல் அழுத்திக்கொண்டிருப்பார், நான் இங்கே அதைச் சுற்றி ஊஞ்சலாடுவேன். கேட்கச் சகிக்காது. நிறுத்தப் பழகினேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ப்ளூஸின் உயிரே இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ இருக்கும் ஓர் இடம். பியானோவில் அது கிடையாது. அங்கிள் ஈ பிளாட் கட்டையிலிருந்து ஈ கட்டைக்கு விரலைச் சறுக்கவிட்டு அதைத் தொட்டுக்காட்டுவார். எனக்குத் தந்தியில் விரலை வழுக்கவிடும் ஒரே ஜாரு போதும். நான் ஒரு தடவை அதை நிதானமாகச் செய்ததும், "அட பாவி, நான் அம்பது வருசமா அதுக்குத்தான் அலையறேன்" என்றார்.

தாளத்துக்கு வருவோம். முதல் எண்ணிக்கையில் தட்டித் தட்டி வளர்ந்த கை. இவர்கள் இரண்டிலும் நான்கிலும் கைதட்டச் சொல்கிறார்கள். ஸ்விங் என்ற ஜாஸின் ஊசலாட்ட நடையை நான் திஸ்ரமாக, மூன்று மூன்றாகத்தான் பிடித்துக்கொண்டேன். 'தகிட'வில் 'கி'யை விழுங்கிவிட்டுத் 'த'வையும் 'ட'வையும் மட்டும் வாசிப்பது. வேகம் கூடினால் அந்தக் கணக்கும் கரைந்துபோய் ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. வில் விஷயத்திலும் ஒரு வேலை இருந்தது. அந்த 'ட'வில் தொடங்கிய வில்லை மாற்றாமல் அடுத்த எண்ணிக்கைக்குள் இழுக்க வேண்டும். சாகித்யத்தின் எழுத்துக்கு வில் போட்டுப் பழகியவளுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

டிரம்ஸோடு மாறி மாறி நான்கு நான்கு பார் வாசிப்பது மட்டும் பிறந்த வீட்டுக்குப் போனதுபோல இருந்தது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிச் செய்யும் குறைப்புதானே? ஆசை தாங்காமல் ஒரு கோர்வையை, அதாவது முத்தாய்ப்புக் கணக்கை, கட்டி மூன்று தடவை அடுக்கி, கச்சிதமாக முதல் எண்ணிக்கையான சமத்தில் கொண்டுபோய் இறக்கினேன். தங்கவயல் தம்பி குச்சியைத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, சூப்பர். ஆனா நீங்க முடிச்சிட்டீங்கன்னா நான் எதுக்கு? கொஞ்சம் முன்னாடியே விடுங்க. இல்ல தாண்டிப் போய் விடுங்க. நான் பிடிச்சிக்கறேன்." நாலாவது எண்ணிக்கைக்கு அரை பின்னால், அந்தரத்தில் நிறுத்தினேன். அவன் நிஜமாகவே பிடித்துக்கொண்டான்.

இப்போது அந்த வேறொன்று. ஒரு பயிற்சி வைத்தார்கள். முன்னால் வாசித்தவரின் கடைசி வரியை எடுத்து, அதிலிருந்து உன் சுற்றைத் தொடங்கு. எல்லோரும் திணறினார்கள். திறமை இல்லாமல் இல்லை. சாக்ஸபோன்காரர் என்னைவிட ஆயிரம் மடங்கு ஸ்கேல் தெரிந்தவர். தன் முறை வருவதற்குள் என்ன வாசிப்பது என்று மனதுக்குள் யோசித்துக்கொண்டிருப்பதால், பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது காதில் விழுவதில்லை. எனக்கோ அது தினசரி வேலை. ஆலாபனையில் பாடகி எங்கே போகிறாளோ அதைத் தொட்டுக்கொண்டே பின்னால் போவதும், அவள் விட்ட இடத்தில் எடுப்பதும், அவள் திரும்ப வரும்போது ஒதுங்குவதும்தானே பக்கவாத்தியம்? "ஸ்வரத்தை அப்புறம் பாரு, முதல்ல பாடறவங்க மூச்சைப் பாரு" என்று என் மல்லேஸ்வரம் வாத்தியார் வாய் ஓயாமல் சொல்வார். சாக்ஸபோன்காரரின் தோள் இறங்கும்போதே அவர் முடிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். "எப்படி மேடம், நான் நிறுத்தறதுக்கு முன்னாடியே வில்ல எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவர் என் தோளைப் பார்க்க ஆரம்பித்தார். வயலினில் தோள் அசைவது நம் முறையில் அழகில்லை என்று அவரிடம் யார் சொல்வது?

ஒரு விஷயம் எரிச்சல். நடுவில் வந்துபோன ஒரு விருந்தாளி இசைக்கலைஞர், "உங்க பகுதியில கொஞ்சம் இந்தியன் மசாலா போடுங்களேன்" என்றார். நான் ப்ளூஸ் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், தாளிக்க வரவில்லை. இரண்டு சங்கீதமும் சேர வேண்டுமென்றால் அதற்கு உழைப்பு வேண்டும். இதே பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவின் பாடகி ஆர்.ஏ. ராமமணி, மிருதங்கக் கலைஞர் டி.ஏ.எஸ். மணி இருவரும் சேர்ந்து, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு 1983இல் 'ஜ்யோதி' என்ற ஆல்பம் செய்தார்கள். கேட்டுப்பாருங்கள். மரியானோ நாகஸ்வரமும் கற்றவர். நம் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்து வாசிக்கிறார், மேலே தூவவில்லை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத்தும் அப்படித்தான். வருஷக்கணக்கில் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிய பிறகே 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு ஒரே மேடையில் வாசித்தார். இதை அந்த விருந்தாளியிடம் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது.

கடைசி நாள் குடும்பத்தாருக்கு வாசித்துக்காட்டினோம். மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போனது, பேஸ் கிடார் ஊமையானது, அங்கிள் இடதுகையால் பேஸையும் சேர்த்து வாசித்தார். என் வீட்டுக்காரர் விடாமல் முதல் எண்ணிக்கையிலேயே கைதட்டினார்.

முகாம் முடிந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிள் வீட்டில் கூடுகிறோம். எஃப்பில் ஒரு ப்ளூஸ் தேறியிருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியை மாற்றாமல், 'ம'வையே ஷட்ஜமாக வைக்கும் மத்தியம சுருதி என்று நினைத்துக்கொண்டு வாசித்துவிடுகிறேன். அடுத்தது பி பிளாட். சாக்ஸபோன்காரருக்குச் சௌகரியம், எனக்குக் கைசிகி நிஷாதம் ஷட்ஜமாகிவிடும். விரல் வைக்காத வெறும் தந்தி எதுவும் ஷட்ஜமாகவோ பஞ்சமமாகவோ உதவாது. தந்தியை இன்னும் தளர்த்தினால் குரல் கம்முகிறது. இதற்கென்று மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்து இரண்டாவது வயலின் ஒன்று வைத்துக்கொள்ளலாமா, அல்லது இருக்கிறதிலேயே விரலைப் பழக்குவதா? இரண்டு சுருதி முறையிலும் வாசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். முக்கியமாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விரல் குழம்புமா என்று தெரிய வேண்டும். பள்ளி திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும்.